தேதியை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்

நுழைவுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
மழை பெய்தால் பணம் திரும்பாது.
தேதியை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு முறை.
திருத்துறைப்பூண்டியில் டிசம்பரைப் பார்க்காதவர்
யாரோ அதை எழுதியிருக்க வேண்டும்.
காலையில் பனி, பத்து மணிக்கு வெயில்,
பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்புமுன்
முள்ளியாற்றுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும்.
இதில் எந்த நாளைப் பிடித்துக்கொண்டு
தஞ்சாவூர் பைபாஸ் தாண்டிப் புதிதாய்த் திறந்த
ராட்டினப் பூங்காவுக்குப் போவது?

அதிலும் என் வீட்டுக்காரர் லைன்மேன்.
டிவியில் கடல்மேல் ஒரு வட்டம் சுழன்றால்
முதலில் அறுந்துவிழுவது அவர் லீவுதான்.

அரையாண்டு விடுமுறை, இருபத்தேழாம் தேதி என்று முடிவானது.
மன்னார்குடியில் நாலு மழைக்கோட்டு வாங்கினேன்,
மஞ்சள், எல்லாம் ஒரே அளவு,
அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று.
மாற்றுத்துணிக்கு உரச்சாக்கின் உள்ளுறை.
செல்போனுக்குக் கழுவிக் காயவைத்த பால் கவர்.
புளிசோறு.
கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றான் மதியரசு.
பஸ்ஸிலேயே தின்னுடலாம் என்றாள் யாழிசை,
கூடவே, "தண்ணியில நனையத்தானேம்மா போறோம்,
அப்புறம் எதுக்கு மழைக்குப் பயப்படுறே?"

கஜா ராத்திரியில் இவள் என் வயிற்றில் இருந்தாள்.
அதற்குப் பிறகு எத்தனையோ நாள்
இவள் அப்பாவின் சட்டை மட்டும்தான் வீட்டுக்கு வந்தது,
துவைக்க.
அதைச் சொல்லவில்லை.
"சரிதாண்டி" என்றேன்.

இருபத்தைந்து, தாழ்வு மண்டலம்.
இருபத்தாறு, ஆழ்ந்த தாழ்வு மண்டலம்.
வேதாரண்யத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவே என்றார்கள்.
நடுவே என்றால் நாங்கள்தான்.
இரவு எட்டு மணிக்கு அவர் போன் அடித்தது.
"சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.
கயிறு, கையுறை, டார்ச் எடுத்துக்கொண்டு
செருப்பை மாட்டியபடி,
"தேதிய மாத்திடாத. காலைல வானத்தப் பாத்துட்டு முடிவு பண்ணு."
மஞ்சள் கோட்டு ஒன்றை நீட்டினேன்.
ஆபீஸில் கொடுத்தது இருக்கிறது என்றவர்
கொஞ்சம் நின்று, வாங்கிக்கொண்டார்.

இரவெல்லாம் காது வெளியிலேயே கிடந்தது.
ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால்
காற்று இல்லை. ஒரு துளி இல்லை.
எதிர் வயலில் பூத்த சம்பா நின்றபடி நின்றது.
புயல் வடக்கே போய்விட்டதாம்,
வேறு யாருடைய இருபத்தேழாம் தேதிக்கோ.

போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது.
குடைக்கு டோக்கன், புளிசோற்றுக்கும் டோக்கன்.
ராட்டினத்து உச்சியில் மதியரசு கண்ணைத் திறக்கவேயில்லை.
நான் பார்த்தேன்:
தூரத்தில் வாய்க்கால்கள், வாழை,
எல்லாவற்றுக்கும் மேலே
கம்பம் கம்பமாய்க் கைமாறிப் போகும் கம்பிகள்.

மூன்று மணிக்குச் செயற்கை மழை.
ஓட்டை போட்ட குழாய்களை மேலே கட்டியிருந்தார்கள்.
எல்லாரும் நனைய ஓடினார்கள்.
யாழிசை மட்டும்
தரையில் புரளும் மஞ்சள் கோட்டுக்குள் நுழைந்து
தொப்பியை இறுக்கிக் கட்டி
நட்ட நடுவில் போய் நின்றாள்.
"வாங்குனதுக்குப் போட வேணாமா?"

அப்போதுதான் அவர் கூப்பிட்டார்.
பால் கவரோடு போனைக் காதில் வைத்து
"இங்க ஒரே மழைங்க!" என்று கத்தினேன்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, "காத்து இருக்கா? கரண்டு இருக்கா?"

எனக்கு வந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.
அவருக்குப் பின்னால் யாரோ டீ சொன்னார்கள்.
"வேலையில்லாம சும்மா உக்காந்திருக்கோம்" என்றார்,
குறை சொல்வதுபோல.

கிளம்பும்போது நாலாவது சீட்டைக் கவுண்டரில் நீட்டினேன்.
"எந்தத் தேதிக்கு மாத்தணும்?"
பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு சொன்னேன்.
அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள்.
பென்சில் இருக்குமா, என்று கேட்டேன்.